படிகக் கலமும் வெள்ளிப் பூணும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



உலக்கையின் முனையில் பூட்டியிருக்கும் இரும்பு வளையத்திற்குப் பூண் என்று பெயர். முதியோர் ஊன்றும் கைத்தடியின் நுனியிலும் பூண் உண்டு. மரம் பிளந்துவிடாதபடி காப்பது அதன் வேலை. பழந்தமிழில் அதே சொல் அணிகலனையும் குறித்தது. அரசன் மார்பில் கிடந்த ஆரமும் பூண்தான். காப்பதும் அழகு செய்வதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது தற்செயலாக இருக்க இயலாது. ஐரோப்பியக் கருவூலங்களில் பழைய கண்ணாடிச் சாடிகளையும் படிகச் சாடிகளையும் பொன்முலாம் பூசிய வெள்ளியால் பிடித்து, முத்தும் மணிக்கல்லும் பதித்து வைத்திருக்கிறார்கள். அந்த வேலைப்பாட்டைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்று தேடினால் பூண் என்ற சொல்லே முதலில் கைக்கு வருகிறது. அதைவிடப் பொருத்தமான சொல் வேறு தேவையுமில்லை.

இன்றைய உரை அத்தகைய சாடி ஒன்றைப் பற்றியது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள அது 'எலியனோரின் கலம்' என்று வழங்கப்பெறுகிறது. பூண் உட்பட அதன் உயரம் 33.7 சென்டிமீட்டர். ஒரு முழத்துக்கும் குறைவான இந்தப் பொருளில் ஒரு மன்னன், ஒரு கவிஞன், ஒரு மணமகள், ஒரு மடத்தலைவர் ஆகியோரின் கைத்தடங்கள் பதிந்திருக்கின்றன. தடங்கள் பதிந்தன என்பது அணிக்காகச் சொன்னதன்று. பூணின் அடிவிளிம்பில் இரண்டு அடிப் பாடலாக அவர்கள் பெயர்களும் உறவுகளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கவிஞர்கள் கூடியிருக்கும் இவ்வவையில் இப்பொருளைப் பேச எடுத்துக்கொண்டதற்கு அந்த இரண்டு அடிகளே காரணம்.

முதலில் கலத்தைப் பார்ப்போம். அது கண்ணாடியன்று, படிகம். பளிங்கு என்ற சொல்லைத் தமிழில் படிகத்துக்கும் சொல்கிறோம், வெண்சலவைக் கல்லுக்கும் சொல்கிறோம், சிறுவர்கள் விளையாடும் கண்ணாடிக் குண்டுக்கும் சொல்கிறோம். இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கலத்துக்குப் பூண் கட்டுவித்த மடத்தலைவர் சூஜே, தம் குறிப்பில் அதனைப் பெரில் கல் போன்றோ படிகம் போன்றோ தோன்றுவது என்றே எழுதினார். இத்தாலியின் ஜெனோவா நகரில் அறுகோண வடிவான பச்சைத் தட்டு ஒன்று உண்டு. நூற்றாண்டுக் கணக்கில் அது ஒரே மரகதத்தில் குடைந்தது என்று நம்பிப் போற்றினார்கள். நெப்போலியன் காலத்தில், 1806-இல், அதைப் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள். 1816-இல் உடைந்த துண்டுகளாகத் திரும்பி வந்தது. அது வெறும் பச்சைக் கண்ணாடிதான். ஆயினும் ஜெனோவா மக்கள் அதை எறிந்துவிடவில்லை.

கண்ணாடிக்கும் படிகத்துக்கும் கண் காணும் வேற்றுமை குறைவு. கை காணும் வேற்றுமை மிகுதி. கண்ணாடி உலையில் இளகும். குழாயால் ஊதிப் பருக்கலாம், இடுக்கியால் இழுக்கலாம், தவறினால் மீண்டும் உருக்கலாம். படிகத்தை உருக்கச் சுமார் 1,700 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பழங்கால உலை எதுவும் அதை எட்டியதில்லை. ஆகவே படிகத்தில் ஒரு சாடி வேண்டுமென்றால், சாடியைவிடப் பெரிய மாசற்ற கட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து சாடி அல்லாததையெல்லாம் தேய்த்துத் தேய்த்தே நீக்க வேண்டும். மோஸ் அளவுகோலில் படிகத்தின் கடினம் 7. எஃகு உளி அதில் வழுக்கும். படிகத்தினும் கடிய கல்லின் பொடியை நீரிலோ எண்ணெயிலோ குழைத்து, சுழலும் சக்கரத்தில் இட்டு அரைப்பதே வழி. அத்தகைய பொடிகளில் தலையாயது குருந்தம். ஆங்கிலத்தில் அக்கனிமத்துக்கு வழங்கும் பெயர் நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்தே போயிற்று. உட்புறம் குடைவது இன்னும் கடினம். கழுத்து குறுகி வயிறு அகன்ற சாடியில், வாய் வழியாகக் கருவியை நுழைத்து, பார்வை படாத இடத்தில் அரைக்க வேண்டும். எண்பது பங்கு வேலை முடிந்தபின் ஒரு கீறல் ஓடிவிட்டால் அத்தனையும் வீண்.

எலியனோரின் கலம் இவ்வாறு குடையப்பட்டு, மேற்புறம் முழுவதும் தேனடை போல் சிறு குழிகள் வரிவரியாக அரைக்கப்பட்ட பேரிக்காய் வடிவச் சாடி. ஒவ்வொரு குழியும் ஒரு சிறு ஆடியாக நின்று எதிரில் உள்ளதைத் தலைகீழாகக் காட்டும். இது சாசானியப் பாரசீகத்தில், ஆறாம் ஏழாம் நூற்றாண்டளவில் செய்யப்பட்டது என்பது பலர் கொள்கை. அக்கொள்கைக்குத் துணை நிற்பவை கண்ணாடிக் கலங்களே. அக்காலப் பாரசீகக் கண்ணாடித் தொழிலாளர் தடித்த கிண்ணங்களின்மேல் இதே தேனடைக் குழிகளை அரைத்தார்கள். அத்தகைய வெண்கண்ணாடிக் கிண்ணம் ஒன்று ஜப்பானின் நாரா நகரில், ஷோசோயின் கருவூலத்தில், புதையுண்டு கிடக்காமல் பெட்டியிலேயே பேணப்பெற்று இன்றும் தெளிவு குன்றாது இருக்கிறது. அதே கருவூலத்தில் வெள்ளிப் பாதத்தின்மேல் நிறுத்திய கருநீலக் கண்ணாடிக் கோப்பையும் உண்டு. வேறு நிலத்தில் பிறந்த கண்ணாடியை வெள்ளியில் ஏந்திப் போற்றும் பழக்கம் ஆசியாவின் கீழைக் கோடியிலும் இருந்தது என்பதற்கு அது சான்று. ஒரே கைவழக்கம் கிழக்கே நாராவரையும் மேற்கே பாரிஸ்வரையும் சென்று தங்கியிருக்கிறது.

பாரசீகத்தில் பிறந்த படிகம் எந்த வழியாக ஸ்பெயின் சேர்ந்தது என்பதைப் பூண் சொல்லவில்லை. பூணின் பாடல் தொடங்குவது ஸ்பெயினில்தான். அதன் செய்தி இது: இக்கலத்தை மணமகள் ஆனோர் அரசர் லூயிக்குக் கொடுத்தாள்; அவள் பாட்டனாருக்கு மிதாதோலுஸ் கொடுத்திருந்தான்; அரசர் எனக்குக் கொடுத்தார்; சூஜே புனிதர்களுக்குக் கொடுத்தான். இரண்டு அடிகளில் நான்கு கொடைகள். கொடுத்தல் என்ற வினை ஒரு முறையே வருகிறது. மற்ற மூன்று இடத்திலும் அது தொக்கி நிற்கிறது. சொற்சிக்கனம் என்று பார்த்தால் பாராட்டத்தக்கதே. ஆனால் அடிகளின் அழகுக்காக அன்று, அவற்றிலுள்ள பெயர்களுக்காகவே அவை போற்றத்தக்கவை.

'பாட்டனார்' என்று பெயர் சொல்லாமல் குறிக்கப்பெறுபவர் அக்விட்டேன் நாட்டின் கோமகனான ஒன்பதாம் வில்லியம் (1071–1126). பிரான்சின் தென்பகுதி மொழியில் பாடிய துருபதூர் எனப்படும் பாடற் புலவர் மரபில், பாடல்கள் கிடைத்துள்ளவர்களுள் காலத்தால் முதலாமவர் இவரே. பதினொரு பாடல்கள் அவர் பெயரில் வழங்குகின்றன. அரசரைவிட மிகுந்த நிலத்துக்கு உரியவர். திருச்சபையால் இருமுறை விலக்கி வைக்கப்பட்டவர். குறும்பும் காமமும் இறுதியில் துறவுணர்வும் பாடியவர். இலத்தீனில் பாடுவதே புலமை என்றிருந்த காலத்தில் வீட்டுமொழியில் பாடி, ஐரோப்பியத் தன்னுணர்ச்சிப் பாட்டின் ஊற்றுக்கண்ணாக நின்றவர். அவ்வளவு பெரியவரைப் பாடல் பாட்டனார் என்ற உறவுமுறையோடு விட்டுவிடுகிறது. மணமகளை முன்னிறுத்தி எழுதியதால் நேர்ந்த குறை போலும்.

மிதாதோலுஸ் யார்? இப்பெயர் நெடுங்காலம் விடை காணாத புதிராகவே கிடந்தது. ஜார்ஜ் பீச் என்ற வரலாற்றறிஞர் 1992-93-இல் வெளியிட்ட கட்டுரைகளில் அதை அவிழ்த்தார். சரகோசாவை ஆண்ட ஹூத் மரபின் கடைசி மன்னர் அப்துல் மாலிக். அவர் சூடிய பட்டப்பெயர் இமாதுத் தௌலா. அரசின் தூண் என்று பொருள். அரபுச் சொல் இலத்தீன் செவியில் விழுந்து மிதாதோலுஸ் ஆயிற்று. பட்டத்தின் பொருளும் அம்மன்னரின் வாழ்வும் முரண்பட்டு நின்றன. அரியணை ஏறிய 1110-ஆம் ஆண்டிலேயே ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அல்மொராவிதுகளிடம் சரகோசாவை இழந்தார். ருவேதா என்ற கோட்டைக்குள் ஒதுங்கினார். தம் மதத்தவரான அல்மொராவிதுகளை எதிர்க்க, கிறித்தவரான அரகோன் அரசர் முதலாம் அல்போன்சோவோடு அணி சேர்ந்தார். 1118-இல் அல்போன்சோ சரகோசாவைப் பிடித்தபோது அது தமக்கே அதை வைத்துக்கொள்ளத்தான். 1120 ஜூன் மாதம் குத்தாந்தா என்ற இடத்தில் நிகழ்ந்த பெரும்போரில் அல்போன்சோவுக்குத் துணையாக வந்தவர் கவிஞர் வில்லியம். அந்தத் தோழமையின் சூழலில்தான் படிகக் கலம் கைமாறியிருக்க வேண்டும் என்பது பீச்சின் முடிவு.

இம்முடிவின் சிறப்பு எளிதில் புலப்படும். முசுலிம் மன்னரின் பொருள் கிறித்தவக் கோமகனிடம் இருந்தால், அது கொள்ளைப் பொருள் என்றே அக்காலத்தைப் பற்றிப் படித்தவர் மனம் எண்ணும். சிலுவைப் போர்களின் காலம் அல்லவா? வில்லியமே 1101-இல் கிழக்கே படை நடத்திச் சென்று தோற்று மீண்டவர். ஆயினும் பாடல் 'கொடுத்தான்' என்கிறது. நாட்டை இழந்த முசுலிம் மன்னன் ஒருவன், தன்னிடம் மிஞ்சியிருந்த அருமையான பொருள்களுள் ஒன்றைக் கிறித்தவக் கவிஞன் ஒருவனுக்குக் கையுறையாக அளித்தான். போர்க்குறிப்பேடுகள் இதைச் சொல்லவில்லை. சாடியின் காலைப் பிடித்திருக்கும் வெள்ளி வளையம்தான் சொல்லியது.

வில்லியம் 1126-இல் மறைந்தபோது பேத்தி எலியனோர் சிறு குழந்தை. கலம் அவள் தந்தை பத்தாம் வில்லியத்தின் கையைக் கடந்தே வந்திருக்க வேண்டும். ஆனால் பாடலில் தந்தைக்கு இடமில்லை. அவர் 1137 ஏப்ரலில் யாத்திரை போன இடத்தில் இறந்தார். அக்விட்டேன் முழுவதும் இளம்பெண் ஒருத்தியின் சொத்தாயிற்று. ஜூலை 25 அன்று போர்தோ நகரில் பிரெஞ்சு இளவரசர் லூயிக்கும் அவளுக்கும் திருமணம். ஒரு வாரத்துக்குள் மாமனார் இறக்க, கணவன் அரசர் ஏழாம் லூயி ஆனார். மணமக்கள் முதன்முதல் சேர்ந்து சென்ற பயணத்தில் அவள் இக்கலத்தைக் கணவனுக்குக் கொடுத்தாள் என்று சூஜே எழுதிவைத்திருக்கிறார். சீதனமாக வந்த நாடு அரசியல். பாட்டனாரின் சாடி அவள் தானே எடுத்துக் கொடுத்தது. அரசர் அதைப் பின்னாளில் தம் அன்பின் அடையாளமாகச் சூஜேவுக்கு அளித்தார்.

சூஜே பாரிசுக்கு வடக்கே உள்ள சேன் தெனி மடத்துக்கு 1122 முதல் 1151 வரை தலைவர். எளிய குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே மடத்தில் விடப்பட்டு, இரண்டு அரசர்களுக்கு அறிவுரையாளராக உயர்ந்தவர். 1144 ஜூன் 11 அன்று அவர் அர்ப்பணித்த புதிய கோயிற்பகுதியே கோதிக் கட்டடக்கலையின் தொடக்கம் என்பர். ஒளி அவருக்குப் பெரும்பித்து. வண்ணக் கண்ணாடிச் சாளரம், பொன், மணிக்கல், படிகம் ஆகியவற்றின் வழியே மனம் பருப்பொருளிலிருந்து மேலெழும் என்று நம்பினார். அவருடைய காலத்திலேயே இதற்கு எதிர்ப்பும் இருந்தது. கிளேர்வோ மடத்தலைவர் பெர்னார் 1125-ஐ ஒட்டி எழுதிய நூலில், ஏழைகள் பசித்திருக்கக் கோயிற்சுவர் பொன்னால் மின்னுவதேன் என்று கடுமையாகக் கேட்டார். உள்ளத் தூய்மை போதாதா என்பாருக்கு, அதுவே முதன்மை, ஆயினும் புறத்தூய்மையாலும் தொண்டு செய்ய வேண்டும் என்று சூஜே விடையெழுதினார். பெர்னாரின் கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது. சூஜேவின் விடை அதை முற்றும் தீர்த்துவிட்டதாகக் கொள்ள இயலாது.

அது நிற்க. பழங்கலங்களைச் சூஜே எவ்வாறு கையாண்டார் என்பதில் கற்பதற்கு உண்டு. மடத்துப் பெட்டியில் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்த செந்நிறப் போர்பிரிக் கற்சாடி ஒன்றை எடுத்தார். அதற்குப் பொன்முலாம் பூசிய வெள்ளியில் கழுகுத் தலையும் சிறகும் நகமும் பூட்டி, சாடியையே கழுகின் உடலாக்கிவிட்டார். 43 சென்டிமீட்டர் உயரமுள்ள அக்கழுகும் இன்று லூவரில் உள்ளது. பார்ப்பவர் கண்ணுக்குக் கழுகுதான் தெரியும். சாடி மறைந்து போகும். கல் பொன்னிலும் மணியிலும் அடைக்கத் தகுதி பெற்றது, வெறுங்கல்லாயிருந்ததைவிட இப்போது அதன் மதிப்பு மிகுதி என்ற கருத்தில் அதன்மேல் பாடல் எழுதுவித்தார். திறமான வேலை; ஆனால் சற்று இறுமாப்பான வேலை.

எலியனோரின் கலத்தில் அவர் அவ்வாறு செய்யவில்லை. அடியில் உயர்ந்த பாதம், மேலே கழுத்து, மூடி, இவ்வளவே வெள்ளி. இடைப்பட்ட படிக உடலை முழுவதும் வெறுமையாக விட்டிருக்கிறார். பாதத்திலும் கழுத்திலும் மென்கம்பி வேலை, அதனிடையே முத்தும் வண்ணக்கல்லும். வெள்ளியின்மேல் பொன் ஏற்ற, பாதரசத்தில் கரைத்த பொன்னைப் பூசிச் சூடேற்றுவார்கள்; பாதரசம் ஆவியாகிப் பொன் ஒட்டிக்கொள்ளும். படிகமோ திடீர் வெப்பம் பட்டால் வெடிக்கும். ஆகவே நெருப்பு வேலை அனைத்தையும் தனியே முடித்து, ஆறிய பூணைக் கலத்தில் மெல்லப் பொருத்தி, விளிம்பை அழுத்திப் பிடிக்கச் செய்வதே முறை. ஒரு மயிரிழை இறுக்கம் கூடினாலும் தேனடை விரிசல் காணும். குறைந்தால் கலம் ஆடும். பல நூற்றாண்டு முந்திய, வேறு மதத்து, வேறு மண்ணின் பொருள் ஒன்றை, அதன் உடலில் ஒரு கீறலும் இடாமல் தாங்கி நிற்கும் வேலை இது. கழுத்தில் காணும் எனாமல் மலர்த்தகடுகள் பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில் சேர்த்தவை. பூணுக்கும் பின்னொருவர் பூண் இட்டிருக்கிறார்.

உரையாசிரியர்களுள்ளும் இவ்விரு வகையினரைக் காணலாம். மூலத்தைக் கழுகாக்கிப் பறக்கவிடும் உரைகள் உண்டு. காலையும் கழுத்தையும் பிடித்துக்கொண்டு உடலை விட்டுவிடும் உரைகளும் உண்டு. பெயர் சொல்ல வேண்டிய தேவை இவ்வவைக்கு இல்லை.

பாடலில் சூஜே தம் பெயரையும் பொறித்துக்கொண்டதைத் தற்பெருமை என்று சிலர் நகைப்பர். பெருமைதான், ஐயமில்லை, சேன் தெனிக் கோயிலின் பல இடங்களில் அவர் பெயரும் உருவமும் காணப்படும். ஆனால் தம் பெயரை மட்டும் பொறித்து நிறுத்தியிருக்கலாமே. கொடைகளின் வரிசையைச் சிறுபாடலாகக் கலத்தின்மேலேயே எழுதிவைத்ததாகத் தம் நூலிலும் அவர் தனியே குறிக்கிறார். தமக்கு முன்னிருந்த மூன்று கைகளையும் அவர் மறைக்கவில்லை. அவற்றுள் ஒன்று பிறமதத்தவன் கை. திருப்பலிக்குரிய பாத்திரத்தின்மேல் அப்பெயரை எழுதக் கூசவில்லை என்பது சிறு செய்தியன்று.

விடுபட்ட கைகளும் உண்டு. படிகத்தை அரைத்தவன் யார்? பூணைச் செய்த வெள்ளித்தச்சன் யார்? பாடல் வாய் திறக்கவில்லை. தம் பெரிய பொற்சிலுவையைப் பற்றி எழுதும்போது, லொத்தரிங்கியாவிலிருந்து பொற்கொல்லர்களை வரவழைத்ததாகவும், சில வேளை ஐவர், சில வேளை எழுவர் ஏறத்தாழ இரண்டாண்டு உழைத்ததாகவும் சூஜே கணக்குச் சொல்கிறார். எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. தமிழில் தொகைநூல்களின் நிலை நினைவுக்கு வருவது இயல்பு. ஐங்குறுநூற்றுக்குத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்று இரு பெயரும் நிற்கின்றன. நற்றிணைக்குத் தொகுப்பித்த பன்னாடு தந்த மாறன் வழுதி தெரிகிறான், தொகுத்தவர் தெரியவில்லை. குறுந்தொகைக்குப் பூரிக்கோ தொகுத்தார் என்கிறார்கள். தொகுப்பித்தவர் யார் என்பதற்குக் குறிப்பில்லை. ஆனால் பெயர் தெரியாத புலவருக்கு அவர் பாடலின் தொடரையே பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என்று வழங்கிய நன்றியுணர்வு அத்தொகைகளில் இருந்தது. சேன் தெனியின் பாடல் அந்த அளவுக்குப் போகவில்லை. தேனடையை அரைத்த கைக்கு ஒரு காரணப்பெயராவது சூட்டியிருக்கலாம்.

பூண் பேசாமல் இருப்பதற்கும் எடுத்துக்காட்டு வேண்டுமல்லவா? வெனிசு நகரின் சான் மார்க்கோ கருவூலத்தில் செங்கருநீலக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றுண்டு. பத்தாம் நூற்றாண்டளவில் பைசாந்தியத்தில் செய்தது. புறத்தே ஏழு வட்டங்களுக்குள் பழங்கிரேக்கப் பாணி உருவங்கள் எனாமலில் தீட்டப்பட்டிருக்கின்றன. விளிம்பின் உட்புறத்தில் அரபு எழுத்தைப் போலத் தோன்றும், ஆனால் எப்பொருளும் தராத எழுத்தலங்காரம். அதற்கும் பொன்முலாமிட்ட வெள்ளிப் பூண் உண்டு, கைப்பிடி உண்டு, பதித்த கற்கள் உண்டு. பேரழகுடையது. ஆனால் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று பூண் ஒரு சொல்லும் கூறவில்லை. அக்கருவூலத்துப் பைசாந்தியப் பொருள்களில் பெரும்பகுதி 1204 ஏப்ரலில் சிலுவைப் படையினர் கான்ஸ்தாந்திநோபிளைச் சூறையாடியபின் வந்தவை. கொடை அன்று அது. வரிசை எழுதப் பாடல் வேண்டியிருக்கவில்லை. அதே ஏப்ரல் தொடக்கத்தில்தான் எண்பது வயதை நெருங்கியோ கடந்தோ இருந்த எலியனோர் மறைந்தார்.

இடைப்பட்ட அவர் வாழ்வு பெருங்கதை. லூயியோடு சிலுவைப் போருக்குச் சென்றார், மனம் பிரிந்தார். சூஜே உயிரோடிருந்தவரை அம்மணம் முறியவில்லை. அவர் 1151 சனவரியில் இறந்தார். 1152 மார்ச்சில் திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. இரண்டே மாதத்தில் எலியனோர் ஆன்ஷு கோமகன் ஹென்றியை மணந்தார். அவர் 1154-இல் இங்கிலாந்தின் அரசரானார். அக்விட்டேன் நாடு உரியவளோடு திரும்பிப் போயிற்று. அதன் பொருட்டு மூண்ட பகை தலைமுறைகளைக் கடந்து நீடித்தது. சாடி திரும்பவில்லை. புனிதர்களுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்க வழியுமில்லை. பகை மன்னனின் மனைவியான பின்பும், இங்கிலாந்தின் அரசியான பின்பும், கணவனால் சிறை வைக்கப்பட்ட பின்பும், அறுநூறு ஆண்டுக்கு மேல் சேன் தெனிப் பேழையில் அவர் மணமகளாகவே இருந்தார். பூணில் எழுதிய சொல்லை யாரும் சுரண்டி அழிக்கவில்லை. எலியனோரின் கைப்பட்ட பொருள் என்று இன்று அறியப்படுவது இது ஒன்றே என்பர்.

பூண் காக்கும் என்றோம். அது பகையாவதும் உண்டு. படிகத்தையும் கண்ணாடியையும் உருக்கி ஒருவருக்கும் பயனில்லை. வெள்ளியும் பொன்னும் அப்படியல்ல. 1793-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு சேன் தெனிக் கருவூலத்தைக் கைப்பற்றியது. அருங்காட்சியகத்துக்கென ஒதுக்கிய சில தப்பின. மிகப்பல நாணயச்சாலை உலைக்குப் போயின. சார்லமேன் பெயரால் வழங்கிய மணிப்பேழை 1794-இல் பிரிக்கப்பட்டு, உச்சியிலிருந்த கடல்நிறக் கல்லும் அதைச் சூழ்ந்த நீலமணிகளும் மட்டும் எஞ்சின. சூஜேவின் கோமேதகவகைக் கிண்ணம் 1804-இல் பாரிசில் திருடுபோய், ஆங்கிலச் சேகரிப்பாளர் குடும்பத்திடம் தங்கி, 1922-இல் அமெரிக்கச் செல்வர் வைடனரிடம் விற்கப்பட்டு, இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. எலியனோரின் கலம் ஒதுக்கிய சிலவற்றுள் இடம்பெற்றது. வெள்ளிக்காக அது உலைக்குப் போயிருந்தால், படிகச் சாடி தப்பியிருந்தாலும் பாரசீகச் சாடி என்ற அளவில் நின்றிருக்கும். கவிஞரும் மணமகளும் அதிலிருந்து உதிர்ந்திருப்பார்கள்.

சூஜேவின் குறிப்புகளை எர்வின் பனோஃப்ஸ்கி 1946-இல் ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கம் எழுதியபின் அறிஞர் பலர் பார்வை இக்கலத்தின்மேல் திரும்பிற்று. அதற்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தே மிதாதோலுஸின் அரபுப் பெயர் வெளிப்பட்டது. பொறித்த தட்டான் அப்பெயரின் பொருளை அறிந்திருக்க நியாயமில்லை. சூஜேவும் அறிந்திருப்பாரோ என்னவோ. பாட்டனாரிடமிருந்து பேத்திக்கும், பேத்தியிடமிருந்து கணவனுக்கும் வாய்மொழியாக வந்த ஒலியை, கேட்டபடியே எழுத்தெழுத்தாக வெள்ளியில் வெட்டினார்கள். சரகோசா கைவிட்டுப் போய், ருவேதாக் கோட்டையில் 1130-இல் இறந்த அந்த மன்னர், எண்ணூற்றைம்பது ஆண்டுக்கு மேல் அந்தச் சிதைந்த ஒலிக்குள் இருந்திருக்கிறார்.